யாரிடம் எதைக் கேட்க வந்தோம்: கோட்டாறு முதல் காற்றாடிமலை வரை

முதல் நாள் – கோட்டாறு

இன்று விடியற்காலை நாகர்கோவில் சந்திப்பில் இறங்கியபோது ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நானும் என் தங்கையும் ஆட்டோ பிடித்து, அறைக்குக்கூடப் போகாமல், நேரே கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்துக்குச் சென்றோம். வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு 31 வயது ஆகிறது. மூன்று ஆண்டுகளாகப் பெண் பார்க்கிறோம், எதுவும் கூடி வரவில்லை. இந்தப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மறைசாட்சி தேவசகாயத்தின் கல்லறையில் வேண்டிக்கொண்டால் தடை விலகும் என்று எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த ஒருவர் சொன்னார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் நேரம் இருந்தது. அதனால் புறப்பட்டு வந்தோம்.

என் கைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, என் அப்பா தம் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்த சிறிய படம். கையிலும் காலிலும் விலங்கு பூட்டப்பட்ட ஒருவர் முழந்தாளிட்டுச் செபிக்கிறார். ஓரங்கள் மஞ்சளாகி, நடுமடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. இன்னொன்று, செய்தித்தாளின் ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பகுதியில் கொடுப்பதற்காக என் கணவர் எழுதித் தந்த விளம்பரம். அது 'ஆர்.சி.' (ரோமன் கத்தோலிக்கர்) என்று தொடங்கி, அடுத்த சொல்லாக எங்கள் சாதிப் பெயரைச் சொல்லி, வயதையும் படிப்பையும் சம்பளத்தையும் கூறி, 'அதே பிரிவில் மணமகள் தேவை' என்று முடிகிறது. சாதிப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், படிப்பவர்கள் அந்தச் சாதியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். நான் பேச நினைப்பது அதைப் பற்றி அல்ல.

விளம்பரத் தாளைக் கல்லறைமீது சற்று நேரம் வைத்துச் செபிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படியே வைத்தேன். பக்கத்தில் அப்பாவின் படத்தையும் வைத்தேன். அதன் அடியில் 'தேவசகாயம் பிள்ளை' என்று அச்சிட்டிருந்தது. பேராலயத்தில் நான் கண்ட பெயரோ 'புனித தேவசகாயம்' என்பது மட்டுமே. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டு இல்லாமலேயே அந்தப் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் மகிழ்ந்தது நினைவிருக்கிறது. குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினர் ஒருவர், திருமணமாகிக் குடும்பம் நடத்திய ஒருவர், முதன்முதலாகப் புனிதராக அறிவிக்கப்படுகிறார் என்ற மகிழ்ச்சி அது. பின்னொட்டு நீக்கப்பட்டதற்கும் என் வீட்டுக்கும் தொடர்பு உண்டு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எல்லா மனிதரும் சமம் என்பதை இவர் வற்புறுத்திப் போதித்ததால் மேல்தட்டினரின் வெறுப்புக்கு ஆளானார் என்று திருச்சபை வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. 1749இல் பிடிபட்டு, 1752 சனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட அந்த மனிதருடைய எலும்புகளின்மேல், எங்கள் சாதியிலேயே பெண் வேண்டும் என்ற தாளை விரித்து வைத்துக்கொண்டு நான் முழந்தாளிட்டிருந்தேன். இதை உணர்ந்த கணத்தில் கை தானாகவே தாளை எடுத்து மடித்துவிட்டது. தங்கை பின்னாலிருந்து, "கேட்டுட்டியாக்கா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன்.

இரண்டாம் நாள் – நட்டாலம், புலியூர்க்குறிச்சி

இன்று காலை அவர் பிறந்த ஊரான நட்டாலத்துக்குப் போய்விட்டு, மதியத்துக்குமேல் புலியூர்க்குறிச்சி வந்தோம்.

1712இல் நீலகண்டன் என்ற பெயரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர் அவர். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியான டச்சுப் படைத் தலைவர் டிலனாய் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து மனம் ஒடிந்திருந்த நீலகண்டனுக்கு, டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. துன்பம் வந்தால் பரிகாரம் தேடுவதுதான் நம் வழக்கம். யோபுவின் கதையில் பரிகாரமே கிடையாது. தனக்கு நேர்ந்ததற்குக் காரணம் கேட்டுக் கடவுளோடு வழக்காடுகிறார் யோபு. பதிலாக வருவதோ, 'நான் மண்ணுலகுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கே இருந்தாய்?' என்ற எதிர்க்கேள்வி. ஆறுதல் தேடிய ஒருவருக்கு இப்படிப்பட்ட கதையையா சொல்வார்கள் என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதைதான் அவரைத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வரைக்கும் கொண்டுபோனது.

டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள், கூரை போன சிறிய கோவிலின் சுவர்களுக்கு நடுவே இருக்கிறது. கல்வெட்டில் இலத்தீனும் தமிழும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாங்கள் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

புலியூர்க்குறிச்சியில் மக்கள் முட்டிடிச்சான் பாறை என்று சொல்லும் இடத்துக்குப் போனோம். பிடிபட்ட தேவசகாயத்தை எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோய் இழிவுபடுத்தினார்கள். உடலெங்கும் புண், அதன்மேல் மிளகாய்ப்பொடி. தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத நிலையில் இந்தப் பாறையில் முழங்கையால் இடித்தார் என்றும், அந்த இடத்தில் நீர் சுரந்தது என்றும் மக்கள் நம்புகிறார்கள். பாறையில் ஒரு கை மட்டுமே நுழையக்கூடிய குழி இருக்கிறது. ஓர் அம்மாள் சிரட்டையால் நீரை மொண்டு, பிளாஸ்டிக் குப்பியில் நிரப்பி, எங்களுக்கும் கொஞ்சம் ஊற்றினார். குளிர்ந்த, சற்றே மண்வாசம் அடிக்கும் நீர்.

அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த எருமைப் பயணத்தை நினைத்தேன். அந்தக் காலத்தில் உயர்சாதிக்காரர் ஒருவரை அப்படி அழைத்துச் செல்வதன் பொருள், இவன் இனி நம்மவன் அல்லன் என்று ஒவ்வொரு தெருவுக்கும் அறிவிப்பதாகும். நாங்கள் மகனுக்குப் பெண் தேடும்போது எதற்காக அஞ்சுகிறோமோ, அது அவருக்குப் பட்டப்பகலில், எல்லார் கண் முன்னாலும் நடந்தது. 'யாராவது ஏதாவது சொல்வார்கள்' என்ற ஒரே அச்சம்தான் எங்கள் வீட்டு முடிவுகளில் பாதியை எடுக்கிறது. தம் பெற்றோரையும் மனைவி மக்களையும் தம் உயிரையும்விட என்னை மேலாகக் கருதாதவர் எனக்குச் சீடராக முடியாது என்ற பொருளில் இயேசு கூறியதாக லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் வரும் பகுதி கோவிலில் வாசிக்கப்படும்போதெல்லாம், அது துறவிகளுக்குச் சொன்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நீலகண்டன் துறவி அல்லர். அவருக்கு மனைவி இருந்தார், சொத்து இருந்தது, உறவுக்கூட்டம் இருந்தது.

மூன்றாம் நாள் – வடக்கன்குளம்

இன்றைய நாளைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. அதனால் நீளமாக எழுதுவேன்.

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியவுடன் நிலம் மாறிவிடுகிறது. பச்சை குறைந்து, பனையும் காற்றாலைகளுமாகச் செம்மண் வெளி விரிகிறது. திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்ததனால்தான் நீலகண்டன் திருமுழுக்குப் பெற இந்தப் பக்கம் வந்தார். 1745 மே 14 அன்று, வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். இலாசர் என்ற விவிலியப் பெயரின் பொருளைத் தமிழில் ஆக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டார்கள். அவர் மனைவி பார்கவியும் இங்கேயே திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் கொல்லப்பட்ட பிறகு சொந்த ஊருக்குத் திரும்ப அஞ்சி இந்த ஊரிலேயே தங்கி, இங்கேயே இறந்தார். பிழைக்க வந்த பெண்ணாக, உறவு எதுவும் இல்லாத ஊரில் அவர் கழித்த ஆண்டுகளைப் பற்றி நம் மறையுரைகளில் அவ்வளவாகக் கேட்டதில்லை. கணவரின் முடிவுக்கு விலை கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

இவ்வளவும் நடந்த ஊரின் கோவிலுக்குள் நின்றபோது என்னை உலுக்கியது வேறு ஒன்று. திருக்குடும்ப ஆலயத்தின் கட்டட அமைப்பைப் பற்றி முன்பே படித்திருந்தேன்; நேரில் பார்ப்பது வேறாக இருந்தது. 1870களின் தொடக்கத்தில் எழுப்பிய இந்தக் கோவிலுக்கு ஒரே பீடம், ஆனால் மக்கள் இருக்க இரண்டு நீண்ட கூடங்கள். கால்சட்டையின் இரு கால்களைப்போல அவை பீடத்திலிருந்து பிரிந்து செல்கின்றன. ஒரு கூடம் வெள்ளாளருக்கு, இன்னொன்று நாடாருக்கு. நடுவில் தடுப்புச் சுவர். குருவானவர் பீடத்தில் நின்றால் இரண்டு பக்கமும் அவர் கண்ணுக்குத் தெரியும். ஒரு கூடத்தில் இருப்பவருக்கு அடுத்த கூடத்தில் முழந்தாளிட்டிருப்பவர் தெரியமாட்டார். இரண்டு பக்கத்தாரும் ஒரே அப்பத்திலிருந்து நற்கருணை வாங்கிக்கொண்டு, அவரவர் வாசல் வழியாக வெளியே போயிருக்கிறார்கள்.

அறியாமையால் நேர்ந்த அமைப்பு அல்ல இது. அளவெடுத்து, வரைபடம் போட்டு, கல்லும் சுண்ணாம்பும் வாங்கி, மறைபரப்பாளர்களே முன்னின்று கட்டியது. சண்டையை அடக்க வேண்டும், இரு தரப்பும் மதம் மாறிப் போய்விடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்கலாம். அந்தக் கவலைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு தெ நோபிலி தொடங்கி, சாதி வழக்கத்தைச் சமூக வழக்கம் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு இடம் கொடுத்தே மதுரை மிஷன் வளர்ந்தது. அந்தக் குருக்களின் தவத்தையும் தமிழ்ப் புலமையையும் நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் விட்டுக்கொடுத்த ஒன்றின் சுமை, அதைத் தீர்மானிப்பதில் எந்தப் பங்கும் இல்லாதவர்களின் தோளில் விழுந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

சுவரை இடித்த வரலாறும் இங்கேதான் இருக்கிறது. 1910ஐ ஒட்டி ஆயரின் ஆணைப்படி தடுப்பு இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். கோவிலில் தனியிடம் தங்கள் உரிமை என்றும், நாடாரோடு கலந்தால் தீட்டு என்றும் வாதாடினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. கிறிஸ்தவத்துக்கு வந்ததன் மூலம் நீங்களாகவே முன்வந்து ஒரு புதிய சமயத்தின் ஆளுகைக்கு உட்பட்டீர்கள், உங்கள் பழைய வழக்கத்தையும் முன்னுரிமையையும் மதிக்க வேண்டிய கடமை அந்தச் சமயத்தின் மற்றவர்களுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். திருமுழுக்குத் தொட்டியில் நிகழ்ந்தது என்ன என்பதைக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 'கிறிஸ்து இயேசுவோடு இணைந்துள்ள நீங்கள் யாவரும் ஒன்றாய் இருக்கிறீர்கள்' என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை அந்த இரு கூடங்களிலும் உரக்க வாசித்திருப்பார்கள். பொன் மோதிரம் அணிந்து வருபவரிடம் 'தயவுசெய்து இங்கே அமருங்கள்' என்றும், ஏழையிடம் 'அங்கே நில்' என்றும் சொல்லாதீர்கள் என யாக்கோபு எழுதியதும் அங்கே ஒலித்திருக்கும்.

வெகுநேரம் அந்தக் கூடத்தின் பலகையில் உட்கார்ந்திருந்தேன். வடக்கன்குளத்தாரைக் குறைசொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அவர்கள் சுவர் இடிபட்டு நூறு ஆண்டுக்கு மேலாகிறது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இன்றும் நிற்கிறது. இடுப்பளவு உயரம்தான். எங்கள் பக்கத்தில் மட்டும் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பார்கள். கல்லறைத் திருநாளான ஒவ்வொரு நவம்பர் 2ஆம் நாளும் அப்பாவின் கல்லறைக்குச் சென்று, புல் பிடுங்கி, செவ்வந்தி மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்புவேன். சுவருக்கு அந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகள். அங்கும் மெழுகுதிரி எரிவது தெரியும். நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனதில்லை. தீண்டாமையைப் பாவம் என்று கண்டித்து 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டபோது, அதை எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம்) எழுந்து நின்று வாசித்தவள் நான்தான். வாசித்தபோது குரல் நடுங்கவில்லை.

இரவு அறைக்கு வந்து கணவரை அழைத்தேன். விளம்பரத்தில் அந்த ஒரு சொல்லையும் கடைசி வரியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சற்று மௌனத்துக்குப் பிறகு, "எடுத்துட்டா நம்ம ஆளுங்க யாரும் கூப்பிட மாட்டாங்க. சொந்தக்காரங்களுக்கு யார் பதில் சொல்றது? நீ வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். நேற்றுவரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நான்காம் நாள் – காற்றாடிமலை

அவர் சுடப்பட்ட இடம் இது. ஆரல்வாய்மொழிக்கு அருகே, பெயருக்கேற்பக் காற்று நிற்காமல் அடிக்கும் பாறைக்குன்று. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது. வியாகுல மாதா கோவிலில் சிறிது நேரம் இருந்துவிட்டு மேலே போனோம். சிறு கல்லால் தட்டினால் மணி ஓசை எழுப்பும் பாறை ஒன்று அங்கே உண்டு. மணியடிச்சான் பாறை என்பார்கள். தட்டித் தட்டி அதன்மேல் வெள்ளைத் தழும்புகள் விழுந்திருக்கின்றன. நானும் ஒரு கல்லை எடுத்துத் தட்டினேன். கல் என்று நம்ப முடியாத, வெண்கலத்தின் ஓசை.

காணிக்கை போடுவதற்காக ஐந்நூறு ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். உண்டியலருகே போனபோது மத்தேயு 5ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார் இயேசு. உனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை; அவருக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். எனக்கு நினைவுக்கு வந்தவள் என்னோடு வங்கியில் 26 ஆண்டுகள் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள். எங்கள் பங்கைச் சேர்ந்தவள். அவள் அப்பாவின் கல்லறை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மதிய உணவு வேளையில், அவள் தயங்கித் தயங்கித் தன் மகளைப் பற்றிப் பேசினாள். முனைவர் பட்டம் முடித்துக் கல்லூரியில் பணிபுரிகிறாள் என்றாள். உங்க பையனுக்கும் பார்க்கிறீங்களாமே என்றாள். நான் "பார்ப்போம்" என்று சொல்லிச் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணுக்குத் திருமணம் நடந்தது. நான் போகாமல், உறையில் பணம் வைத்து வேறொருவரிடம் கொடுத்தனுப்பினேன். அதை இழப்பு என்றோ தவறு என்றோ நினைக்காமல், நாசூக்காக நடந்துகொண்டதாகவே இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

காற்றுக்கு ஒதுங்கிப் பாறையின் மறைவில் நின்றுகொண்டு அவளை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். காற்றாடிமலையில் நிற்கிறேன் என்று சொன்னேன். அன்றைக்கு 'பார்ப்போம்' என்று சொன்னதை நினைத்துத்தான் அழைக்கிறேன் என்று தொடங்கி, அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். காற்றின் இரைச்சலில் அவளுக்குக் கேட்டதா என்று ஐயமாக இருந்தது, கேட்டிருந்தது. வெகுநேரம் பேச்சில்லை. "அதெல்லாம் எதுக்குக்கா இப்ப" என்றாள். குரலில் கோபம் இல்லை, ஆனால் பழைய நெருக்கமும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் அது திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

பிறகு அவளே சொன்னாள்: மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் ஞானஸ்நானம். வரட்டுமா என்று கேட்டேன்.

"வாங்கக்கா. பூசை முடிஞ்சு சாப்பாடு எங்க வீட்டுலதான்" என்றவள், சற்று நிறுத்தி, மிக மெதுவாக, "சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள்.

26 ஆண்டுகளில் அவள் வீட்டில் நான் ஒருவேளைகூடச் சாப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அது எப்போதுமே தெரிந்திருந்தது.

சாப்பிடுவேன் என்றேன். தங்கை பக்கத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். ஐந்நூறு ரூபாய் இன்னும் கையில்தான் இருக்கிறது. இரவு வண்டிக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது.